பொருந்தாத இறக்கை

போன வருடம் சோளகக் காற்று அடிக்கிற நாட்களில் என் மூத்த சகோதரர், எங்கள் பேச்சில் நானா, கொழும்பிலிருந்து வந்து, என் வேலை மேசையில் ஒரு பழைய அட்டைப்பெட்டியை வைத்தார். வைத்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் தாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார்.

“தங்கச்சி, இது என்னெண்டு தெரியுதா?” என்றார்.

தெரிந்தது. பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்கிற விமானக் கிட். உலகப் போர்க் காலத்துச் சண்டை விமானம் ஒன்றின் சிறிய வடிவம். நாங்கள் மன்னாரில் இருந்தபோது வாப்பா சவுதியிலிருந்து நானாவுக்குக் கொண்டுவந்தது இதே கிட்தான். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரும் விரட்டப்பட்டபோது நாங்களும் வீட்டைவிட்டு வெளியேற, நானா ஒட்டி வைத்திருந்த விமானம் அங்கேயே கிடந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் வீட்டைப் பற்றிக் கதைத்ததைவிட அதைப் பற்றிக் கதைத்ததுதான் அதிகம். அதே கிட்டை யாரோ இணையத்தில் விற்க, தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறார்.

எனக்கும் இந்த வேலை தெரியும். நிலக்கரி மின்நிலையம் இருக்கிற நுரைச்சோலைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. பகலில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், மிச்ச நேரத்தில் விமானம் ஒட்டுகிறேன். ஆசையில் தொடங்கவில்லை, வீம்பில் தொடங்கினேன். மன்னாரில் நானா என்னை அந்த விமானத்தைத் தொட விட்டதில்லை. ஒருமுறை அதன் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்ததற்கு என் கையைத் திருகினார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

பெட்டியைத் திறந்தோம். நான் நியாயமாகத்தான் பார்த்தேன். ஓரமெல்லாம் பிசிறு. உடம்பின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்று மற்றதைவிட நீளம். இறக்கையை வைத்துப் பார்த்தேன், நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. இறக்கை முழுக்க மரு மருவாக ஆணித் தலைகள். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுகிற சின்னங்கள் இருந்த தாள் மஞ்சள் பூத்துப்போயிருந்தது.

“நானா, இது சரிவராது. இதே விமானம் இப்ப புதுசா வந்திரிக்கி. என்னட்ட ஒண்டு இரிக்கி” என்று அலுமாரியிலிருந்து என் பெட்டியை எடுத்து வந்தேன். புதிய இறக்கையை உடம்பில் அழுத்தினேன். பசை இல்லாமலே நின்றது. விமானி அமரும் இடத்தில் மீட்டர்களின் ஒவ்வொரு முள்ளும் தனியாகத் தெரிந்தது.

அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. “கொம்பியூட்டர் செஞ்சது. இதில உசிர் இல்ல.”

“அதில உசிர் இருந்தா இறக்கை ஏன் நானா பொருந்துதில்ல?”

அவர் முகம் மாறியது. ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்டார். “நீ ஒட்டித் தா. ஒன்ட கைக்குத்தான் பழக்கம். ஆனா அந்த இடைவெளியை அடைக்காத. அப்ப இருந்த மாதிரியே இருக்கோணும்.”

என்னை அந்த விமானத்துக்குப் பக்கத்தில் விடாதவர், இப்போது அதன் பிழைகளைக்கூடப் பிசகாமல் செய்து தரச் சொல்கிறார்.

“ஏலாது” என்றேன். “கோணலா வேணுமெண்டா நீங்களே ஒட்டுங்க.”

ஒட்டினார். காற்றுக்குக் கரித்தூசியும் மணலும் வருமென்று ஜன்னலைச் சாத்தியிருந்தேன். அறை வெந்தது. அவர் கழுத்தில் வியர்வை வழிய, விமானி அமரும் இடத்தின் கண்ணாடி மூடியில் பசை ஒட்டிய பெருவிரலை வைத்தார். அது வெள்ளையாகப் பூத்தது. நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். துடைக்க ஒரு வழி இருந்தது, சொல்லவில்லை. பிறகு மஞ்சள் தாளிலிருந்து சின்னங்களை வெட்டிச் சாசரில் இருந்த தண்ணீரில் போட்டார். அவை துண்டு துண்டாகச் சிதறி மிதந்தன. பழைய தாள் அப்படித்தான் போகும், முதலில் மேலே ஒரு பூச்சு அடிக்க வேண்டும். அதையும் நான் சொல்லவில்லை. அவர் நிமிர்ந்து, மேசையில் நின்ற பூச்சுப் போத்தலையும் என்னையும் பார்த்தார்.

“தெரிஞ்சிருந்தும் சொல்லாம இருந்தியா?”

“ஓம்.”

“ஒனக்கு விளங்காது. நீ அப்ப சின்னப்புள்ள. நீ அங்க ஒண்டையும் விட்டுட்டு வரல்ல.”

நான் எழும்பினேன். “எனக்கு அங்க என்ன இருந்திச்சி எண்டு இத்தன வருசத்தில ஒருநாள் கேட்டிரிக்கீங்களா? வாப்பா ஒங்களுக்கு மட்டுந்தான் கொண்டு வந்தார். அத நீங்க ஒழுங்கா ஒட்டவுமில்ல. அப்பயும் கோணல்தான் நானா. எனக்கு நல்லா ஞாபகம்.”

“பொய் சொல்லாத!”

“உம்மா உசிரோட இருந்தா கேட்டிரிக்கலாம்.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. என் கணவர் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்து, “மச்சான், சாப்பிட்டுட்டுப் போங்க, மீன் பொரிச்சிரிக்கி” என்று கையைப் பிடித்தார். நானா கையை உதறினார். அரைகுறையாக ஒட்டியதைப் பெட்டிக்குள் திணித்தார். திணித்த வேகத்தில் ஒரு இறக்கை கழன்றது. அதையும் பொறுக்கிப் போட்டுக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் காரில் ஏறினார்.

அவர் போன பின் சாசரைக் கழுவினேன். அழவில்லை. அடுத்த வாரமே என் புதிய கிட்டைத் தொடங்கினேன். ஒரு மாதம் எடுத்தது. எங்கும் ஒரு கோடு இடைவெளி இல்லை. பழசில் இல்லாதது, புதிதில் இருப்பது எல்லாவற்றையும் ஒட்டும்போதே கணக்குப் பார்த்தேன். சின்னங்கள் இரண்டு தொகுதி வந்திருந்தன. ஒன்றை ஒட்டினேன்.

ரமழானுக்கு நானா என் கணவருக்கு மட்டும் அழைப்பெடுத்தார். பெருநாளுக்கும் அப்படியே. அதற்குப் பிறகு ஒருநாள் அவருடைய மனைவி, என் மதினி, என்னை அழைத்தார். குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

“ஒங்கட நானா அத எப்பிடியோ ஒட்டி முடிச்சிட்டார். சின்னந்தான் இல்ல. ஒவ்வொரு நாளும் எடுத்துப் பாத்துட்டு வைக்கிறார். ஒங்களிட்ட வாற புதுசுகள்ல மிச்சம் ஏதும் இரிக்கிதா? நான் கேட்டதெண்டு சொல்ல வேணாம்.”

மிச்சத் தாள் எனக்கு முன்னால், ஒரு பொலித்தீன் உறைக்குள் இருந்தது. அளவும் சரியாக இருந்திருக்கும்.

“இல்ல மதினி” என்றேன். “ஒண்டுதான் வந்திச்சி.”

அவர் “சரி, பரவாயில்ல” என்று என் பிள்ளைகளின் சுகம் விசாரித்துவிட்டு வைத்தார்.