பத்து டிகிரியில் வேகும் வீடு

டெஸ்மண்ட் அக்ராய்டைப் போன்ற வடிகட்டின கஞ்சனை ஹாலிஃபாக்ஸ் ஊர் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. கஞ்சத்தனத்தையாவது மன்னித்துவிடலாம். தனக்குத் தெரியாத வேலை உலகத்திலேயே கிடையாது என்று அவனுக்கு ஒரு நினைப்பு. பக்கத்து வீட்டுக்காரனாக முப்பத்தொரு வருடம் அதைத்தான் நான் சகித்துக்கொண்டிருந்தேன்.

கம்பள ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். முன்னறைச் சுவரில் ரோஜாப் படம் போட்ட அலங்காரக் காகிதத்தை அவனே ஒட்டினான். ரோஜாக்களெல்லாம் தலைகீழாகத் தொங்கின. இப்போதைய பாணியே அதுதான் என்று சாதித்தான். நானோ நாற்பது வருடம் வீடு வீடாகப் போய், அறைகளைச் சூடாக்கும் பாய்லரும் ரேடியேட்டரும் மாட்டிப் பிழைத்தவன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் அவன் கிரீடம் இறங்கிவிடும்.

அவன் வீட்டு நடைவழியில் ஒரு தெர்மோஸ்டாட் இருந்தது. குளிர்ந்தால் பாய்லரை ஓட்டி, சூடேறினால் நிறுத்துகிற வட்டத் திருகு. பதினைந்து டிகிரிக்கு மேல் யாரும் திருப்பக்கூடாது என்று அதன்மேல் டேப் ஒட்டி வைத்திருந்தான். மனைவி பெரில் குளிருகிறது என்றால், இன்னொரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளச் சொல்வான். குளிர்காலம் முழுக்க அவள் வீட்டுக்குள் மூன்று ஸ்வெட்டரோடுதான் நடமாடினாள்.

அந்த ஜனவரியில் பெரிலுக்கு நிமோனியா வந்தது. இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பினாள். வீட்டுக்கு வந்த நர்ஸ் டெஸ்மண்டிடம் நேராகவே சொல்லிவிட்டாள்: வீடு இருபத்தொரு டிகிரிக்குக் குறையக்கூடாது, இன்னொரு தடவை நெஞ்சில் குளிர் ஏறினால் பிழைப்பது கஷ்டம். அதே வாரம் அந்தப் பழைய தெர்மோஸ்டாட்டும் செத்துத் தொலைந்தது.

நான் கருவிப் பெட்டியோடு போய்க் கதவைத் தட்டினேன்.

"கால் மணி நேர வேலைப்பா. சும்மாவே மாட்டித் தரேன்."

"உன்னோட பெரிய ரோதனை வில்ஃப். ரெண்டு ஒயரைச் சொருகறதுக்கு ஆள் வேணுமா? புதுசு வாங்கிட்டேன். நீ போய் டீயைக் குடி."

அவனே மாட்டினான். மனைவிக்காக வாழ்க்கையில் முதல் தடவையாகத் திருகை இருபத்தொன்றில் வைத்தான். ரேடியேட்டர்கள் ஜில்லென்று கிடந்தன. இருபத்தைந்துக்குத் திருப்பினான், முப்பதுக்கும் திருப்பிப் பார்த்தான். மூன்று நாள் பெரில் கோட்டும் தொப்பியுமாக, வெந்நீர்ப் பையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் இருமுவது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. பொறுக்க முடியாமல் மறுபடி போனேன்.

"வீடு ஊறணும்ல," என்றான் அவன், வாசலை மறித்துக்கொண்டு. "சுவரெல்லாம் சூட்டைக் குடிச்சு முடிச்சாத்தான் வெளியே விடும். உனக்கெங்கே தெரியப்போவுது?"

அவன் கழுத்தைத் திருக வேண்டும் போலிருந்தது.

சனிக்கிழமை மதியம் ரக்பி பார்க்கக் கிளம்பினான். வெளியே போகும்போது திருகைப் பத்துக்கு இறக்குவது அவனுக்குக் கை பழகிப்போன காரியம். உள்ளே நோயாளி இருப்பதைக்கூட நினைக்காமல் இறக்கிவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது பெரில் கோட்டைக் கழற்றிவிட்டு, கன்னம் சிவக்க உட்கார்ந்திருந்தாள். வீடு கதகதப்பாகியிருந்தது.

"பார்த்தியா, ஊறிடுச்சு," என்றான்.

மறுபடி இருபத்தொன்றில் வைத்தான். வீடு ஆறிப்போனது. பெரிலுக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

"டெஸ்மண்ட், எதுக்கு வீணா எரிக்கணும்? பத்துலயே இருக்கட்டுமே," என்றாள்.

கல்யாணமாகி நாற்பத்து நாலு வருடத்தில் அவள் பேசியதிலேயே அவனுக்கு மிகவும் பிடித்த பேச்சு அதுதான். திருகைப் பத்துக்கு இறக்கி, அங்கேயே டேப்பையும் ஒட்டினான்.

அதற்குப் பிறகு கிளப்பில் அவன் வாயை மூட முடியவில்லை. "பத்து டிகிரியில வெச்சுட்டு வெறும் சட்டையோட உட்கார்ந்திருக்கோம். எல்லாம் மாட்டற விதத்துல இருக்கு," என்று பீர் நுரையைத் துடைத்துக்கொண்டே சொல்வான். கேஸ் பில் எகிறி வந்தபோது மீட்டர் பழுது என்றான். பிப்ரவரியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டே விட்டான்.

"வந்து பாரு வில்ஃப். உன் சர்வீஸ்ல இப்படி ஒரு வேலை பார்த்திருக்க மாட்டே."

ஸ்க்ரூ டிரைவரால் மூடியைக் கழற்றினேன். உள்ளே மூன்று ஓட்டைகள். இடப்பக்கத்து ஓட்டையில் கரன்ட் வருகிறது. அறை குளிர்ந்தால் அது நடு ஓட்டை வழியாகப் போகும். சூடேறினால் வலப்பக்கத்து ஓட்டை வழியாக. பாய்லருக்குப் போகிற ஒயர் நடுவில் இருக்க வேண்டும். இந்த மேதாவி அதை வலப்பக்கத்தில் சொருகியிருந்தான். திருகில் வைத்த அளவைவிட வீடு சூடாக இருந்தால்தான் பாய்லர் ஓடும். வேண்டிய சூட்டைக் கேட்டால் நின்றுவிடும், பத்தில் வைத்தால் ஓயாமல் ஓடும்.

"நடுவுல ஏன் காலியா விட்டிருக்கே?" என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"நடுவுல இருக்கறது எர்த்துப்பா. வீட்டுல இருக்கற எந்தப் பிளக்கை வேணா பாரு. பெட்டி பிளாஸ்டிக்கு, அதுக்கெதுக்கு எர்த்து? நாப்பது வருஷம் என்னத்தை மாட்டினே நீ?"

முப்பத்தொரு வருடம் காத்திருந்த நேரம் கைக்கு வந்துவிட்டது. கிளப்பில் நாளைக்கே அவன் மானத்தைக் கப்பலேற்றிவிடலாம். வாயைத் திறந்தேன்.

அவன் முதுகுக்குப் பின்னால், சமையலறைக் கதவோரம் பெரில் நின்றுகொண்டிருந்தாள். மேலே மெல்லிய சட்டை மட்டும். குளிர்காலத்தில் ஒரு ஸ்வெட்டர்கூட இல்லாமல் அவளை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தாள், வேண்டாம் என்று.

நான் யோசித்துப் பார்த்தேன். ஒயரைச் சரியாக மாற்றினால் நர்ஸ் வருகிற வரைக்கும் இருபத்தொன்று. அவள் வருவது நின்றதும் இவன் கை தானாகப் பதினைந்துக்குப் போகும்.

மூடியைத் திரும்ப மாட்டி, திருகாணியை இறுக்கினேன்.

"என்னப்பா, வாயடைச்சுப் போச்சா?" என்றான் டெஸ்மண்ட்.

"சத்தியமா, இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததே இல்லே," என்றேன். "யாரையும் இதுல கை வைக்க விடாதே."