பாஸ்வேர்டை மாற்றியது நான்தான்

கேம் கணக்குகளைத் திருடுகிறார்கள் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்த எச்சரிக்கையைப் பார்த்துப் பயந்து, மகளிடம் சொல்லாமல் அவளுடைய ஆன்லைன் விளையாட்டின் பாஸ்வேர்டை மாற்றினேன். புதியதை மறந்தும் போனேன்.

ஞாயிறு மாலை, அடையாற்றிலிருந்து டெல்லிக்குக் குடிபோன அவள் தோழி ஆட்டத்தில் காத்திருக்க, மகளால் உள்ளே நுழைய முடியவில்லை. "நெட் பிரச்சினைடி" என்று சொல்லி, மோடத்தை மூன்று முறை அணைத்துப் போட்டேன்.

"நான் அவளை மறந்துட்டேன்னு நினைச்சுப்பாம்மா" என்று அவள் கண் கலங்கியதும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அய்யோ லூசம்மா! 'மறந்துவிட்டேன்'னு அமுக்கினா உன் போனுக்கே ஓடிபி வருமே!"

வந்தது. உள்ளே போனதும் தோழியின் குரல்: "ஏன்டி லேட்டு, எருமை?"

"எங்கம்மா என்னை வெளியே வெச்சுப் பூட்டிட்டாங்கடி!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தவறை ஒப்புக்கொண்டால் மகள் முன் சிறுத்துப்போவேன் என்று பயந்திருந்தேன். அவளோ நகர்ந்து, எனக்கும் சோபாவில் இடம் கொடுத்தாள்.