ஊசியா, பிள்ளையா?

கிளினிக்கில் நம்பர் துண்டு கொடுக்கும் எனக்கும் மருத்துவிச்சி மிஸ்ஸியின் மேசைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். அந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும், கேட்க விரும்பாவிட்டாலும் எல்லாம் காதில் விழும்.

எங்கள் மிட்வைஃப் மிஸ்ஸியை நான் கடைசியாக உயிரோடு கண்டது ஒரு வெள்ளிக்கிழமை. ஸ்கூட்டியில் ஏறியவர் திரும்பி, "செட்டிபாளையத்துப் புனிதா வந்தா, பயப்பட வேணாம் எண்டு சொல்லுங்க" என்றார். மறுநாள் மாரடைப்பு.

சடங்கு

புனிதா முதன்முதலில் மூன்று மாதக் கருத்தடை ஊசிக்கு வந்தது மகன் கைக்குழந்தையாக இருந்தபோது. அடுத்த பிள்ளைக்கு இடைவெளி வேண்டும். இன்னொரு கணக்கும் இருந்தது. ஊசி போட்டால் மாதவிலக்கு நின்றுவிடும், அம்மன் கோயிலின் வருடச் சடங்கில் தடையில்லாமல் தீ மிதித்து நேர்த்திக்கடனை முடிக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தொடக்கத்தில் நேரம் தவறியும் இரத்தம் படலாம் என்று மிஸ்ஸி சொன்னது புனிதாவின் மனதில் ஏறவில்லை.

சடங்கு தொடங்கிய அன்றே இரத்தம் பட்டது. தீ மிதிக்க முடியவில்லை. அடுத்த ஊசிக்கு வந்தபோது துண்டை வாங்கிக்கொண்டு சொன்னார்: "நிப்பாட்ட எண்டு போட்ட ஊசி, நாள் பாத்துத் திறந்து விட்டிட்டு அண்ணன்."

எங்கே போகிறது?

சில ஊசிகளுக்குப் பிறகு மாதவிலக்கு அடியோடு நின்றது. இரத்தம் உள்ளே கட்டி நிற்கிறதென்று புனிதாவின் தாய் பதறி வந்தார். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. ஊசிப் பெட்டியில் வரும் தாளை அகராதி வைத்து வாசித்தும் விளங்கவில்லை; வீட்டில் கேட்க மனைவியும் இல்லாத காலம்.

கருப்பையின் உட்புறம் தடிப்பதில்லை, அதனால் கழிய ஒன்றும் இல்லை என்று மிஸ்ஸி விளக்கினார். திரைக்கு இந்தப் பக்கம் நானும் தலையாட்டினேன். தாய் விடவில்லை: "செரி மிஸ்ஸி, ரெத்தம் இல்ல. அப்ப இவள்ர சட்டையெல்லாம் ஏன் இறுகுது?"

பருவம்

இரண்டாவது பிள்ளை வேண்டுமென்று ஊசியை நிறுத்தினார்கள். மாதங்கள் போயின, ஒன்றும் நடக்கவில்லை. தீ மிதிக்காத குற்றம் என்றார் தாய். கருப்பை வறண்டுவிட்டது என்றார்கள் கணவன் ராசனின் வீட்டார். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். ராசன் தாய் வீட்டில் சாப்பிட்டுப் படுக்கத் தொடங்கியதும் ஊருக்கு விளங்கிவிட்டது.

மிஸ்ஸி அவரைக் கூப்பிட்டு இருத்தினார். கடைசி ஊசியிலிருந்து பிள்ளை தங்க ஒரு வருடமும் ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம், கருப்பைக்குக் கேடில்லை, அதற்குப் பிறகும் தங்காவிட்டால் இரண்டு பேரையும் டொக்டரிடம் அனுப்புவேன் என்றார். வாவியில் இறால் பிடிப்பவர் ராசன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "இறால் எண்டா எந்த மாசம் வரும் எண்டு தெரியும் மிஸ்ஸி. இதுக்கு ஆரிட்டக் கேக்கிற?"

மிஸ்ஸி இல்லாத கிளினிக்

செத்தவீடு முடிந்து வந்த முதல் கிளினிக்கில் புனிதா நின்றார். மிஸ்ஸி சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அழுதார். ஊசி நின்றபின் மாதவிலக்கு இரண்டு தரம் வந்ததாம். இப்போது திரும்பவும் நின்றுவிட்டதாம். ராசனிடம் இன்னும் மூச்சு விடவில்லை.

"இது ஊசியா, பிள்ளையா எண்டு மிஸ்ஸிட்டக் கேக்கத்தான் வந்தன் அண்ணன்."

அவருக்குப் பதிலாக வந்த மிஸ்ஸி சோதித்ததில் பிள்ளைதான். அது இப்போது நேசரிப் பள்ளிக்குப் போகிறது, எங்கள் மிஸ்ஸியின் இடத்துக்கு இன்னும் நிரந்தர ஆள் வரவில்லை.