வாட்சைக் கண்டால் அம்மா ஓடமாட்டாள்

எங்கள் அம்மா எப்படி ஓடுவாள் என்பதை வேலம்பாளையத்தில் எங்கள் வீதியே ஒருநாள் நின்று பார்த்திருக்கிறது. கம்பெனி வேன் அவளை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்ட காலை அது. ஒரு கையில் சோற்றுப் பை, இன்னொரு கையில் கழற்றிய செருப்பு, இடுப்பில் தூக்கிச் சொருகிய சேலை. ரேஷன் கடை திருப்பத்தில் வேனை எட்டிப் பிடித்து, அதன் தகரத்தில் செருப்பாலேயே இரண்டு தட்டு தட்டி நிறுத்தினாள். பால்காரர் வண்டியிலிருந்து ஒரு காலை ஊன்றியபடி வாயைப் பிளந்து நின்றார். அன்று முதல் பள்ளிக்கூடத்தில் நான் விட்ட ரீலுக்கு அளவே கிடையாது. எங்கம்மா வேனை விட வேகம் என்றேன். எவளும் நம்பவில்லை. அதற்காக நான் விட்டுவிடுவேனா என்ன.

அதனால்தான் ஊரில் ஓட்டப் போட்டி வருகிறது, அம்மாவின் கம்பெனியிலிருந்தும் ஆட்கள் ஓடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பனியன் கம்பெனியில் அம்மா ஓவர்லாக் டெய்லர். தைக்கிற பெண்களே ஓடினால் நன்றாக இருக்கும் என்று முதலாளிக்கு ஓர் ஆசை. கம்பெனி பெயர் போட்ட டீசர்ட் ஊர்வலம் போகுமே. வரிசையாக மெஷின் போட்ட அம்மாவின் லைனிலிருந்து அவளையும் சேர்த்துப் பத்துப் பேர் பெயர் கொடுத்தார்கள். மூன்று கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் என்று போட்டி இரண்டு வகை. அம்மாவுக்கு இரண்டாவதன் மேல்தான் கண். தாராபுரத்தில் பத்தாவது படிக்கும்வரை பள்ளிக்கூடத்துக்காக ஓடியவள் அவள். அதன் பிறகு கல்யாணம், திருப்பூர், மெஷின். “இங்கிருந்து மண்ணரை போயிட்டுத் திரும்பி வந்தா பத்து வருமா கண்ணு?” என்று அந்த வாரத்தில் என்னிடம் பலமுறை கேட்டுவிட்டாள். நான்காம் வகுப்புக்காரியிடம் கேட்கிற கேள்வியா அது. யாரிடமாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

பயிற்சி கொடுக்கக் கம்பெனியே ஓர் ஆளைப் போட்டது. ஆபீசில் வேலை பார்த்த இளைஞர். தினமும் ஓடுகிறவர், ஒட்டிய கன்னம், பளபளக்கிற ஷூ. கம்பெனியில் அவருடைய வேலை, கழுத்தில் ஸ்டாப் வாட்சை மாட்டிக்கொண்டு மெஷின் பக்கத்தில் வந்து நிற்பது. ஒரு பீஸ் தைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார். அதை வைத்துத்தான் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்று போர்டில் டார்கெட் எழுதுவார்கள். பெண்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் வாட்ச் சார். தங்கமான மனிதர், எல்லோரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்தத் தங்கம் பக்கத்தில் வந்து நின்றால் லைனே வாயடைத்துப் போகும், அவ்வளவுதான்.

காலையில் ஆறு மணிக்குப் பள்ளி மைதானத்தில் பயிற்சி. சாயப் பட்டறையில் நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா தூங்குவார் என்பதால் என்னையும் கூடவே இழுத்துப் போவாள் அம்மா. முதல் நாளே சார் சொன்னது பெண்களுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. “ஆரம்பத்துல யாரும் வேகமா ஓடவே கூடாதுங்க. பேசிட்டே ஓட முடியணும். மூச்சு வாங்கிப் பேச்சு நின்னா வேகம் அதிகம்னு அர்த்தம்.”

பேசிக்கொண்டே ஓடவா? நாள் முழுக்க வாயைக் கட்டிப்போட்டுத் தைக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் கேட்கவா வேண்டும். மாமியார் கதை, சீட்டுக் கதை, சூப்பர்வைசரின் தலைச்சாயக் கதை என்று மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சுவாரசியமான கட்டம் வரும்போது கால் தானாக எட்டிப் போடும். அம்மா நடுவில் சிரித்துக்கொண்டே மிதப்பாள். சார் அவர்களோடு ஓடி, பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்ட நாளும் உண்டு.

கூட்டத்தின் கடைசியில் வருகிறவள் தென்காசி அக்கா. தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்குப் பின்னாலிருந்த மெஷின் அவளுடையது. மெஷினிலும் அவள் கடைசி, மைதானத்திலும் கடைசி. ஆனால் விடமாட்டாள். “யக்கா, செத்த மெதுவா போங்களேன்” என்று கத்திக்கொண்டே வந்து சேர்வாள்.

வாரத்துக்கு ஒருநாள் வேகமாக ஓட வேண்டும். அன்று சார் கழுத்தில் வாட்ச் தொங்கும். அங்கேதான் வந்தது வினை. அவர் பட்டனை அழுத்தியதும் பத்துப் பேரின் பேச்சும் நின்றுவிடும். முகம் இறுகிவிடும். அதோடு வேகமும் போய்விடும். பேசிக்கொண்டு பறந்தவர்கள், வேகமாக ஓடுங்கள் என்றதும் கோயிலைப் பிரதட்சணம் சுற்றுகிறவர்கள் மாதிரி நகர்ந்தார்கள். முன்னும் இல்லை பின்னும் இல்லை, பத்துப் பேரும் ஒரே கும்பலாக, தென்காசி அக்காவின் வேகத்தில். வேனைப் பிடித்த என் அம்மா அந்தக் கும்பலில் ஒருத்தியாகக் காலைத் தேய்த்துக்கொண்டு வருவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

கடைசிச் சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. குறிப்பிட்ட நேரத்துக்குள் வருகிறவர்களுக்குத்தான் பத்து கிலோமீட்டர் என்று சார் முன்பே சொல்லியிருந்தார். அம்மா அன்று கண்ணாடி முன்னால் நின்று தலையை இழுத்து முடிந்துகொண்டதைப் பார்த்து, இன்றைக்குக் காட்டிவிடுவாள் என்று நம்பினேன். எங்கே! வாட்சைப் பார்த்ததும் அதே கும்பல், அதே தேய்ப்பு. சார் பட்டனை அழுத்தி வாட்சைப் பார்த்தார்.

“இந்த டைமிங்ல பத்துக்கு அனுப்ப முடியாதுங்க்கா. எல்லாரும் மூணுக்கே போயிடலாம்.”

“ஆகட்டுங்க சார்” என்றாள் அம்மா. எல்லோருக்கும் முந்திக்கொண்டு அவள்தான் சொன்னாள். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு ஆட்டம் ஆடினேன். உனக்கு ஓடத் தெரியாதா, ஏன் வேண்டுமென்றே மெதுவாக ஓடினாய், பள்ளிக்கூடத்தில் நான் எந்த முகத்தோடு போவேன். “கம்முனு இரு கண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டது. வெங்காயம் இன்னும் அரிவாள்மனைக்கு வரவே இல்லை.

எங்களோடு தங்கியிருந்த மாமா, அம்மாவின் தம்பி, வேறொரு கம்பெனியில் கட்டிங் வேலை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“உங்கொம்மா கை எவ்வளவு வேகம்னு அந்த வாட்சுக்குத் தெரியக் கூடாது சாமி. தெரிஞ்சா அதையே எல்லாத்துக்கும் டார்கெட்டா எழுதிப்போடுவாங்க. அப்புறம் பின்னாடி உக்காந்திருக்குற தென்காசிக்காரம்மா கதி? இப்பவே அதோட பீஸ்ல கொஞ்சத்த உங்கொம்மாதான் சத்தமில்லாம எடுத்துத் தெச்சுக் குடுக்குது.”

“அது தைக்கறதுக்கு மாமா. இது ஓட்டம்!”

“ஓட்டம் வேறதான். ஆளும் வாட்சும் அதேதான? இப்படிக் காத்தாப் பறக்கறவ மெஷின்ல மட்டும் ஏன் இவ்வளவுன்னு நாளைக்கு வந்து நின்னுட்டார்னா?”

எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பெரியவர்களுக்குப் பயப்படக் காரணமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டு, மாமாவுடனும் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த பயிற்சி நாளில் சார் வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். அவர் முகத்தில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது.

“பேசிட்டு ஓடுற அன்னைக்கு என்னாலயே உங்களப் புடிக்க முடியறதில்ல. வாட்ச கையில எடுத்தா நடக்கறீங்க. எனக்கு ஒண்ணும் புரியலீங்க்கா. நீங்களே சொல்லுங்க, பத்து யார் ஓடுவீங்க?”

தென்காசி அக்கா கையை நீட்டி அம்மாவைக் காட்டினாள். உடனே மற்ற எட்டுக் கைகளும் அம்மாவின் பக்கம் திரும்பின. “இந்தக்காதானுங்க சார்.” “இதுல என்னங்க சந்தேகம்.” “வேனயே நிறுத்துனவங்க சார்.” அம்மா வெட்கத்தில் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கோ பெரிய ஆச்சரியம். ஒரு நாளும் யாரையும் முந்தாத என் அம்மாவைத்தான் எல்லோரும் வேகம் என்கிறார்கள்! சார் சிரித்துக்கொண்டே, “அப்ப நீங்க பத்துங்க்கா” என்றார். அம்மாடி என்று இருந்தது எனக்கு.

போட்டியன்று ஊரே டீசர்ட் போட்டிருந்தது. சார் முதுகில் ஒரு கொடியைக் கட்டியிருந்தார். இத்தனை நிமிடத்தில் முடிக்க நினைக்கிறவர்கள் அந்தக் கொடியின் பின்னால் போனால் போதுமாம். பாதித் தூரம் வரைக்கும் என்னைத் தாண்டாதீங்க என்று அம்மாவிடம் சொல்லிவைத்தார். அதுக்கப்புறம்ங்க என்று கேட்டாள் அம்மா. அதுக்கப்புறம் உங்க இஷ்டம் என்றார்.

மூன்று கிலோமீட்டரை முடித்த ஒன்பது பேரும் நானும் கடைசிக் கோட்டருகே கயிற்றைப் பிடித்தபடி நின்றோம். அங்கே பஸ்ஸின் முன்கண்ணாடி அளவுக்கு ஒரு கடிகாரம், சிவப்பு எண்களோடு. எல்லோரும் கொடி வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். கொடி வரவில்லை. அம்மா வந்தாள். கொடியை எங்கேயோ பின்னால் விட்டுவிட்டுத் தனியாக வந்தாள், ரேஷன் கடை திருப்பத்தில் வந்தாளே, அதே ஓட்டம். நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

அப்போது அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்ததுதான் தாமதம், வேகம் விழுந்துவிட்டது. காலைத் தேய்க்க ஆரம்பித்தாள். பின்னால் கொடி வருகிறதா என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்த இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். ஓடும்மா, ஓடும்மா என்று நான் குதிக்கிறேன். பக்கத்தில் ஒன்பது பேரும் சத்தமே இல்லாமல் நிற்கிறார்கள். அவர்கள் கையைத் தட்டினால் என்ன குறைந்துபோகும் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தென்காசி அக்கா கயிற்றுக்குக் கீழே குனிந்து ரோட்டுக்குள் போய்விட்டாள்.

“யக்கா! என்னையப் பாக்காதீய! நான் எப்படியும் பொழச்சுக்கிடுவேன், நீங்க ஓடுங்க! ஓடுங்கக்கா!”

அவ்வளவுதான். மற்ற எட்டுப் பேரின் தொண்டையும் திறந்துகொண்டது. அம்மா அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஓடினாள் பாருங்கள், முந்திப் போன இரண்டு பேரையும் கோட்டுக்கு முன்னாலேயே பிடித்துவிட்டாள். கழுத்தில் மெடல் போட்டார்கள். நான் அதைப் பிடுங்கி என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பின்னாலேயே கொடியோடு வந்த சார் கடிகாரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கையைப் பிடித்துக் குலுக்கினார். சிரிக்க வேண்டிய அம்மா, தப்பு செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றாள்.

அன்று மதியம் மாமா கறி எடுத்து வந்தார். அம்மா சரியாகவே சாப்பிடவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் மெடல் கை மாறி கை மாறி வகுப்பு முழுக்கச் சுற்றி வந்தது. என் வாழ்க்கையின் மிகப் பெரிய நாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று சொல்வதற்காக வாசலிலேயே காத்திருந்தேன்.

வேனிலிருந்து அம்மாவோடு தென்காசி அக்காவும் இறங்கினாள். கையில் சூடான பஜ்ஜிப் பொட்டலம். உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் என் மெடல் கதையைக் காதில் வாங்கவே இல்லை. காலையில் சார் வாட்சோடு நேராக அம்மாவின் மெஷினுக்கே வந்துவிட்டாராம். லைனே மூச்சைப் பிடித்துக்கொண்டதாம். அம்மாவுக்கு ஊசியில் நூலே கோர்க்க வரவில்லையாம். அவர் கொஞ்ச நேரம் நின்றார், பட்டனை அழுத்தவே இல்லை. “கால் வலி ஏதும் இருக்குங்களாக்கா? இன்னைக்கு மெதுவாவே தைங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அக்கா முந்தானையால் அம்மாவின் முகத்தைத் துடைத்தாள், பிறகு தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். மெடலைக் கழுத்தில் போட்டபடி நான் அவர்கள் முன்னால் போய் நின்றேன். நேற்று மெடல் வாங்கியபோது வராத சிரிப்பு, கால் வலிக்கிறதா என்று ஒரு மனிதர் கேட்டதற்கு எதற்கு வர வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. பஜ்ஜி ஆறிப்போகிறது என்று இரண்டு பேரையும் அதட்டினேன்.