மோர்க்கார அம்மாக்கண்ணுவும் ஆச்சி ஆஸ்பத்திரியும்

கண்டனூர்த் தெருக்களில் பாலும் மோரும் விற்ற அம்மாக்கண்ணு யாரையும் நம்ப மாட்டாள். எண்ணெய் வாங்கினால் உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பாள். உப்பைக்கூட நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் மடியில் கட்டுவாள். உப்பில் எதைத்தான் கலப்பார்கள் என்று கடைக்காரன் கேட்டால், அதைத்தானே நானும் பார்க்கிறேன் என்பாள். புருஷன் செம்மலை சந்தைக்குப் போய்விட்டு வந்தால் அவன் சொன்னது சரிதானா என்று கூடப்போன ஆளிடம் தனியாகக் கேட்டுக்கொள்வாள். நாள் தவறாமல் பாலில் தண்ணீர் விடுகிற கைக்கு, உலகத்தில் எல்லாமே தண்ணீர் விட்ட பாலாகத்தான் தெரியும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அவள் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சந்தேகப்பட்டது ஆச்சி ஆஸ்பத்திரியைத்தான். இன்றைக்கு அது ஊரணிக்கரையில் இரண்டு கட்டடமாக நிற்கிறது. சாக்கோட்டையிலிருந்தும் நேமத்தான்பட்டியிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்து பெண்கள் பிள்ளை பெற்றுப் போகிறார்கள். ஆரம்பத்தில் காக்காய்கூட அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

முப்பது வருஷத்துக்கு முந்தி, முத்தப்பன் செட்டியாரின் ஒரே மகள் தலைப்பிரசவத்தில் தாயும் பிள்ளையுமாகப் போய்ச் சேர்ந்தாள். செட்டியார் அப்போது ரங்கூனில் கடையில் இருந்தார். தந்தி கிடைத்துக் கப்பலேறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அழுது தீர்த்த மனுஷர், தம் வீட்டின் பின்கட்டில் இரண்டு அறையை ஒழித்துக் கட்டில் போட்டார். மதுரையிலிருந்து படித்த நர்ஸம்மா ஒருத்தியைக் கூட்டிவந்து வைத்தார். யார் வேண்டுமானாலும் வந்து பிள்ளை பெறலாம், தம்படி தர வேண்டாம் என்று ஊரெல்லாம் தமுக்கடிக்கச் சொன்னார்.

அங்கேதான் மனுஷர் தப்புப் பண்ணிவிட்டார். ஏதாவது கேட்டிருந்தால்கூட நாலு பேர் போயிருப்பார்கள். சும்மா என்றதும் ஊர் மிரண்டுபோனது. ஆதாயம் இல்லாத செட்டி ஆற்றோடு போவானா என்று மோர்ப்பானையை இறக்கி வைத்த இடத்திலெல்லாம் அம்மாக்கண்ணு கேட்டாள். அப்போது அவளுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆனாலும் வாய் பெரிய மனுஷி வாய். பர்மாவில் வயலும் காடும் கிடக்கிறது, வேலைக்கு ஆள் வேண்டும், இங்கேயே பிறக்கும்போதே பேரெழுதிக்கொள்கிறார்கள் என்று ஒரு வீட்டில் சொன்னாள். அடுத்த வீட்டில், பிள்ளையின் நஞ்சுக்கொடியை அவர்கள் தோட்டத்தில்தான் புதைக்கிறார்கள், பிள்ளை காலத்துக்கும் அந்த வீட்டு வாசலைத்தான் சுற்றும் என்றாள். நம் பக்கத்தில் கொடியை அவரவர் கொல்லையில் அவரவர் கையால் புதைப்பதுதான் வழக்கம். அடுத்தவன் மண்ணில் புதைப்பது என்றால் எந்த மாமியார் ஒப்புவாள்? இரண்டு கட்டிலும் தூசி படிந்து கிடந்தன.

செட்டியார் கண்ணை மூடினார். அவர் மகன் அழகுசுந்தரம், வீட்டுக்குள் வர ஜனங்கள் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்து, ஊரணிக்கரையில் தனியாகக் கட்டடம் கட்டினார். கொடியைப் பானையில் போட்டு அவரவர் வீட்டாரிடமே கொடுத்துவிட வேண்டும் என்று நர்ஸுக்கும் உத்தரவு போட்டார். அதற்குப் பிறகு ஒருத்தர் இருவராக வரத் தொடங்கினார்கள். அம்மாக்கண்ணு விடுவாளா? பானைக்குள் இருப்பது நம் பிள்ளையின் கொடிதான் என்று யார் கண்டது என்றாள். வந்துகொண்டிருந்தவர்களிலும் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள்.

அழகுசுந்தரம் பாதி நாள் கடல்தாண்டி இருந்ததால் ஆஸ்பத்திரியை நடத்தியதெல்லாம் அவர் மனைவி சீதை ஆச்சிதான். செட்டி வீட்டுப் பெண்களை, இளசானாலும், ஆச்சி என்பதுதான் இங்கே வழக்கம். அதனால்தான் ஆச்சி ஆஸ்பத்திரி என்று பேர் வந்தது. ஆச்சிக்குத் தன் எதிரி யாரென்று நன்றாகத் தெரியும். எதிரி தினமும் காலையில் தன் வீட்டுக்கே வந்து மோர் ஊற்றிவிட்டுப் போகிறவள். ஆனாலும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அதுவும் அம்மாக்கண்ணுவுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அம்மாக்கண்ணுவின் மகள் கருப்பிக்கு இரண்டு பிள்ளை பிறந்து இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது தடவை கருப்பியே பிழைத்தது மறுபிழைப்பு. மூன்றாவது சூலோடு அவள் தாய்வீட்டுக்கு வந்தபோது, அம்மாக்கண்ணுவுக்கு மோரில் உப்புப் போட்டோமா இல்லையா என்பதுகூட நினைவில் நிற்கவில்லை. மகள் முகத்தைப் பார்ப்பாள், வயிற்றைப் பார்ப்பாள், அடுப்படிக்குள் போய் அழுவாள். அந்தச் சமயத்தில்தான் சீதை ஆச்சி அவளை நிறுத்திப் பேசினாள்.

"அம்மாக்கண்ணு, ஊரார் எப்படியும் போகட்டும். உன் மகளை இங்குட்டுக் கூட்டிக்கிட்டு வா. நர்ஸம்மா பாத்துக்கிருவா."

அம்மாக்கண்ணு பானையை இறக்கி வைத்தாள். இத்தனை வருஷமாக அடிவயிற்றில் வைத்திருந்த கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டாள்.

"அம்புட்டு நல்ல ஆஸ்பத்திரின்னா, ஒங்க வீட்டு ஆச்சிமாரு ஒருத்தராச்சும் அந்தக் கட்டில்ல படுத்துப் புள்ள பெத்திருக்காகளா? நீங்க பெத்ததெல்லாம் வீட்டு அறைக்குள்ளதானே? ஒங்களுக்கு ஆகாதது எம் மகளுக்கு மட்டும் ஆகுமாக்கும்?"

ஆச்சியின் முகம் சுண்டிப்போனது. அம்மாக்கண்ணு பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். மாட்டிக்கிட்டாகளா என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் நெடுநாள் நிற்கவில்லை. ஆச்சியின் மகள் உமையாள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். தன் மகள் ஆஸ்பத்திரியில்தான் பெறுவாள், அதுவும் எல்லாரும் படுக்கும் பொது அறையில், என்று ஆச்சி சொல்லிவிட்டாள். பங்காளி வீடுகள் கொதித்தன. கண்ட கண்ட சாதிக்காரியும் படுத்த கட்டிலிலா என்று சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்து சண்டை போட்டார்கள். ஆச்சி அசையவில்லை. ஒரு மோர்க்காரி கேட்டதற்கு வேறே பதில் இல்லை என்றாளாம். ஊர் முழுக்க அம்மாக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான். இனி மகளைக் கூட்டிக்கொண்டு போகாமல் இருக்க வழியில்லை.

போனாள். போகும்போதும் சும்மா போகவில்லை. உமையாளின் கட்டிலில் மெத்தை தனியாக இருக்கிறதா என்று துணியைத் தூக்கிப் பார்த்தாள். தன் மகளுக்கும் அதே மெத்தை, அதே கம்பளிதான். நர்ஸ் கொடுத்த கஷாயத்தைத் தான் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கருப்பிக்குக் கொடுத்தாள். நர்ஸ் ஞானம்மாள் சிரித்துக்கொண்டே இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள்.

உமையாளுக்கு முதலில் வலி எடுத்தது. பிள்ளை கொடி சுற்றிக்கொண்டு பிறந்தது, அழவேயில்லை. நர்ஸ் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், வாயில் வாய் வைத்து ஊதினாள், உயிர் வரவில்லை. எல்லாவற்றையும் அம்மாக்கண்ணு பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒரு குறை சொல்ல இடமில்லை. வீட்டில் பெற்றிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும் என்று அவளுக்கே தெரிந்தது. சீதை ஆச்சி துணியில் சுற்றிய பேரனை வாங்கிக்கொண்டு, அம்மாக்கண்ணுவைத் தாண்டி வெளியே போனாள். ஒரு பார்வை பார்த்துத் திட்டியிருந்தால்கூட இவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் கருப்பிக்குப் பிறந்தது ஆண்பிள்ளை, உயிரோடு, நல்ல கனமாக. ஆனால் கருப்பிக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. நர்ஸ் அவளைத் தனியாகப் பின்னறையில் போட்டு, தாய்ப்பால் கூடாது என்று பிள்ளையைப் பிரித்து வைத்தாள். அந்தக் காய்ச்சல் பிறகு மெள்ள இறங்கியது. அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? அம்மாக்கண்ணு ஓடிப்போய்த் தன் பசுவில் கறந்து, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் கொண்டுவந்தாள். நர்ஸ் வெந்நீர் கலந்து காய்ச்சிச் சங்கில் புகட்டினாள். பிள்ளை அத்தனையையும் கக்கியது. மறுபடி புகட்டினார்கள், மறுபடி கக்கியது. சாயங்காலத்துக்குள் அழுகைச் சத்தம் பூனைக்குட்டிச் சத்தமாகிவிட்டது.

நர்ஸ் உமையாளின் கட்டிலை ஒருமுறை பார்த்தாள். உமையாள் மாரில் பால் கட்டி, ரவிக்கை நனைந்து, வலி பொறுக்காமல் முனகிக்கொண்டு கிடந்தாள். அவளே கையை நீட்டினாள்.

"கொண்டா, நான் குடுக்குறேன்."

சீதை ஆச்சி திடுக்கிட்டு மகளைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வெளியே போய்விட்டாள். அம்மாக்கண்ணு பேரனை மாரோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். ஓகோ, இதற்குத்தானா? பிள்ளை செத்த வீடு, கைநிறையப் பணம், ஆண்வாரிசு இல்லை. இன்றைக்குப் பால் கொடுப்பார்கள், நாளைக்குச் சட்டை தைப்பார்கள், நாளை மறுநாள் எங்களிடமே வளரட்டும் என்பார்கள். தண்ணீர் காட்டி மாட்டை ஓட்டிக்கொண்டு போகிற வேலை. செட்டி வீட்டில் செட்டிப் பிள்ளையைத்தான் சுவீகாரம் எடுப்பார்கள் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன? பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்து, பிள்ளையின் ஒரு காலைக் கைக்குள் பிடித்துக்கொண்டாள். பிள்ளை மார்பைப் பற்றியது. சப்புக்கொட்டும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. உமையாள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அழுகை நின்று, குனிந்து அவன் தலையை மோந்து பார்த்தாள், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். அம்மாக்கண்ணு அதையெல்லாம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிடி இறுகியது.

பிள்ளை வயிறு நிறைந்து, பால் வழியும் வாயோடு தூங்கிப்போனது. உமையாள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தூக்கிட்டுப் போயிரு, அம்மாக்கண்ணு. இன்னுங் கொஞ்சம் எங்கிட்ட இருந்தான்னா நான் தரமாட்டேன்."

அம்மாக்கண்ணு எழுந்தாள். அவள் நினைத்தது நினைத்தபடியே சரிதான். கோபம் வந்திருக்க வேண்டும், பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு அழுகைதான் வந்தது. இத்தனை வயதில் மனசில் இருப்பதை அப்படியே அவளிடம் சொன்னவர்கள் ஒருவருமில்லை. சொன்னவள் இருபது வயதுப் பெண், முந்தாநாள்தான் பிள்ளையைப் பறிகொடுத்தவள்.

பிடித்திருந்த காலை விட்டாள்.

"வச்சிருங்க ஆச்சி. முழிச்சா மறுபடி பசிக்கும். நான் போயி எம் மகளப் பாத்துட்டு வாரேன்."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பின்னறைக்கு நடந்தாள்.