மூன்று கிரைண்டரும் ஒரு மொட்டை மாடியும்

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று கிரைண்டர்கள் ஓடும். இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, ஸ்கூட்டியில் எடுத்துப்போய் வீடு வீடாகக் கொடுப்பது என் தொழில். வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் ஷிஃப்டு வேலை பார்க்கிறார். யூனிட் கூடக்கூட யூனிட்டின் விலையும் கூடும் என்பதால், மாவு நன்றாக விற்ற மாதத்தில்தான் கரெண்ட் பில் எங்களைப் பலமாக அடிக்கும். பில்லைக் கையில் பிடித்துக்கொண்டே அவர் ஒவ்வொரு அறையாகப் போய் ஃபேனை அணைப்பார். ஆள் உட்கார்ந்திருக்கிற அறையிலும்தான்.

அன்றும் அப்படித்தான் அணைத்தார். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்தது பக்கத்து வீட்டு அக்கா. கல்யாணமாகி பிரான்சில் இருக்கிறவர். பொங்கலுக்கு மட்டும் வந்து, பூட்டிக்கிடக்கும் தன் வீட்டைத் திறப்பார்.

"மூணாவது கிரைண்டர வித்துடு. ரெண்டு போதும்," என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த மூன்றாவது கிரைண்டர் நான் சீட்டுக் கட்டி வாங்கியது.

"அலோர், இதுக்கா சண்ட?" என்று பிரெஞ்சு கலந்து கேட்டார் அக்கா, முந்தானையால் விசிறிக்கொண்டே. "கம்பெனிய மாத்துங்க."

"எந்தக் கம்பெனிக்கா?"

"கரெண்ட் கம்பெனிதான். பிரான்சுல நாங்க போன வருஷம் மாத்தனோம். போன்ல பேசி மீட்டர் நம்பரச் சொன்னோம், அவ்ளோதான். ஒயரு அதே ஒயரு, ஃபக்தூர் மட்டும் கொறஞ்சுபோச்சு." பில்லுக்கு அவர் வாயில் எப்போதும் ஃபக்தூர்தான்.

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "இங்க ஒரே கரெண்ட் ஆபீசுதாங்கா. மாத்தணும்னா வீட்டையே பேத்து எடுத்துனு போவணும்."

அவர் சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்கோ அந்தப் பேச்சு மனதைவிட்டுப் போகவில்லை. கரெண்டை வேறு இடத்தில் வாங்கலாம் என்ற எண்ணமே அதுவரை எனக்கு வந்ததில்லை. அதே வாரம் மூலக்குளத்தில் ஒரு டீச்சர் வீட்டுக்கு மாவு கொடுக்கப் போனபோது, அவர்கள் மாடியில் கறுப்பாகப் பளபளத்த சோலார் பலகைகளை நின்று பார்த்தேன். எத்தனையோ முறை போயிருக்கிறேன். அன்றுதான் கண்ணில் பட்டது.

"டீச்சர், இதால பில்லு கொறையுதா?"

"கொறையுதாவா? பகல்ல நாங்க செலவு பண்ணது போக மிச்சம் கரெண்ட் ஆபீசுக்கே போவுது. அத பில்லுல கழிச்சுக்கறாங்க. அரசாங்க மானியம் உண்டு. பேங்க்ல லோனும் தராங்க."

வில்லியனூர் ரோட்டில் அன்று நான் ஸ்கூட்டி ஓட்டி வந்த வேகத்தை வீட்டுக்காரர் பார்த்திருந்தால் சாவியைப் பிடுங்கியிருப்பார். வழியில் இன்னும் இரண்டு வீட்டுக்கு மாவு கொடுக்க வேண்டியிருந்தது. மறந்தே போனேன்.

அவரைச் சம்மதிக்க வைக்கத்தான் நாளானது. "வெயில நம்பி எவனாவது கடன் வாங்குவானா?" என்பார். நான் விடவில்லை. "நம்ம ஊரு வெயில நம்பாம வேற எத நம்பறது?" என்று கேட்டேன். மாதாமாதம் பில்லாகக் கட்டுவதைத் தவணையாகக் கட்டப் போகிறோம், கடன் முடிந்தால் பலகை நமக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவர், "சரி, ஆள வந்து பாக்கச் சொல்லு. பாக்கறதுக்குக் காசு கேக்க மாட்டானே?" என்றார்.

சோலார் கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினீயர் மாடி ஏறினார், சுற்றிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். அக்கா வீட்டுத் தென்னை மரத்தின் நிழல், மத்தியானத்துக்கு மேல் எங்கள் மாடியில் பாதியை மூடியது. பலகையில் கொஞ்சம் நிழல் விழுந்தாலும் கரெண்ட் குறைந்துவிடுமாம்.

அதற்குள் பிரான்சுக்குத் திரும்பியிருந்த அக்காவை வீடியோ காலில் கூப்பிட்டு மரத்தைக் காட்டினேன்.

"வெட்டணும்னா வெட்டிக்க. எனக்கொண்ணும் இல்ல," என்றார். "ஆனா அந்தத் தேங்காயெல்லாம் யாரு சாப்பிடறது? நீதான. தேங்கா வேணுமா, கரெண்டு வேணுமா, நல்லா யோசிச்சுச் சொல்லு."

நான் மரத்தையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தேன். வீட்டுக்காரர் போனுக்குள் எட்டிப் பார்த்து, "ரெண்டும் வேணுங்கா," என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. நிழலே படாத கிழக்கு மூலையில் எங்கள் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருந்தது. லீவு போட்டு, பிளம்பரை அழைத்துவந்து, தொட்டியைத் தென்னை நிழலுக்கு நகர்த்தி, பைப்பை மாற்றி, லுங்கியெல்லாம் நனைந்து நின்றார். "கோடையில தண்ணி கொதிக்காம இருக்கும்ல, அதுக்குத்தான்," என்றார். நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

காலியான கிழக்கு மூலையில் பலகை ஏறியது. கரெண்ட் ஆபீசிலிருந்து ஆள் வந்து, போகிற கரெண்டையும் வருகிற கரெண்டையும் தனித்தனியாகக் காட்டும் புது மீட்டரை மாட்டினார். தெருவில் பாதிப் பேர் எங்கள் வாசலில் நின்றார்கள். உச்சி வெயில். இன்ஜினீயர் சுவிட்சைத் தட்டினார். மீட்டரில் எண் அசைந்தது. "போவுது பாருங்க, வெளிய போவுது!" என்று அவர் சொன்னதும் நான் கைதட்டியே விட்டேன். உள்ளே ஓடி மூன்று கிரைண்டரையும் ஒன்றாகப் போட்டேன்.

உளுந்து ஒரு சுற்றுச் சுற்றியிருக்காது, எல்லாம் அப்படியே நின்றன. ஃபேனும் நின்றது.

"ஏமாத்திட்டானுங்க!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். "அவ்ளோ வெயிலடிக்குது, கரெண்ட் எங்கய்யா?"

இன்ஜினீயர் பதறவில்லை. "தெருவுலயே கரெண்ட் போயிருச்சு சார். அது போனா இதுவும் தானா நின்னுடும். இல்லன்னா கம்பத்துல ஏறி வேல செய்யறவருக்கு உங்க வீட்டு கரெண்ட் ஷாக் அடிச்சுடும்ல?"

தெருவே சிரித்தது. இதை இன்ஜினீயர் முன்பே சொல்லியிருக்கிறார். மானியம் என்ற சொல்லில் மயங்கிக் கிடந்த எங்கள் காதில்தான் விழவில்லை. சற்று நேரத்தில் கரெண்ட் வந்தது. கிரைண்டர் மூன்றும் ஒரே குரலில் உறுமின. அந்தச் சத்தம் எனக்கு அதற்குமுன் ஒருநாளும் அவ்வளவு இனித்ததில்லை.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் வேறு ஆளாகிவிட்டார். எவ்வளவு கரெண்ட் உற்பத்தியாகிறது என்று காட்டும் ஆப்பை, சோற்றில் கை வைத்துக்கொண்டே பார்ப்பார். ஷிஃப்டிலிருந்து போன் செய்து, "அங்க மேகமா இருக்குதா? எறங்குதே!" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பலகைகளைத் துடைத்துவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டியவர் மாதிரி இறங்கி வருவார்.

முதல் பில் வந்த அன்று இருவரும் வாசலிலேயே நின்று படித்தோம். தப்பாக வேறு வீட்டுப் பில்லைக் கொடுத்துவிட்டார்களோ என்று அவர் பில்லில் இருந்த பெயரைத் திரும்பப் பார்த்தார். எங்கள் பெயர்தான். அக்காவுக்குப் படமெடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "மோன் தியே! கடவுளே! இது ஃபக்தூரா, பஸ் டிக்கெட்டா?" என்று அவர் போட்ட கூச்சலில் போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பில் கொஞ்சம் ஏறத்தான் செய்தது. வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போனது. எனக்குக் கவலையில்லை. பழைய பில்லோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை. மேலும், அப்போது நோணாங்குப்பம் பக்கம் ஒரு டிபன் கடையில், தினமும் மாவு தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முன்பானால் பில்லை நினைத்து யோசிக்கிறேன் என்று சொல்லியிருப்பேன். அன்று அவரைக் கேட்காமலே, "நாளைலேர்ந்து தரேன்," என்று சொல்லிவிட்டு, அரிசி மூட்டைக்கு ஆர்டர் கொடுக்கக் கடைக்குக் கிளம்பினேன்.