ஞாயிற்றுக்கிழமை திறந்த பள்ளிக்கூடம்

எங்கள் பக்கத்தில் ஒருவர் செய்தது தப்பு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல ஆள் கிடைக்காது. விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பே இல்லை என்றாலும், "சாம்பார் நெம்ப நல்லாருக்குதுங்க, கொஞ்சம் உப்பு இருக்குங்களா" என்றுதான் கேட்பார்கள். இந்த மரியாதையை நானும் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட கேட்டுக்கு முன்னால், அதே மரியாதையால் என் மானம் கப்பலேறியது.

கொரோனா அடங்கி, பள்ளிகளைத் திறக்கலாம் என்று பேச்சு வந்த நேரம். என் மகள் பத்தாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமலே பாஸாகிப் பத்துக்கு வந்துவிட்டாள். ஊரில் எல்லா வீட்டிலும் பிள்ளைகள் எப்போது பள்ளிக்கூடம் திறக்கும் என்று பறந்துகொண்டிருக்க, என் வீட்டில் மட்டும், "நான் வரலை, வீட்டிலிருந்தே பரீட்சை எழுதிக்கறேன்" என்று ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள்.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் வீடு சோமனூரை ஒட்டி இருக்கிறது. வீட்டுச் சுவரோடு சுவராகத் தறிக்குடோன், உள்ளே எட்டு விசைத்தறி. ஆன்லைன் வகுப்பு ஆரம்பித்த புதிதில் கணக்கு டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். இவள் ஆசையாக மைக்கைத் திறந்து பதில் சொன்னாள். பதில் யாருக்கும் கேட்கவில்லை. எட்டுத் தறியும் நன்றாகக் கேட்டன. "யார் வீட்ல ஹெலிகாப்டர் எறங்குது?" என்று யாரோ எழுத, வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு மூடிய மைக்கை ஒன்றரை வருஷம் அவள் திறக்கவில்லை. டீச்சர் கூப்பிட்டால் 'சிக்னல் இல்லை மிஸ்' என்று டைப் செய்துவிடுவாள். தோழிகளின் போனையும் எடுப்பதில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன், வாயைத் திறந்து பேசு என்று தினமும் ஒரு பாட்டுப் பாடினேன். ஐந்து வயதில் கத்தரிக்காய் வேண்டாம் என்றவள் இன்றுவரை அதைத் தொட்டதில்லை. அந்த ரகம். பள்ளிக்கூடமும் கத்தரிக்காய் ஆகிவிடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் நடுக்கமாகவே இருந்தது.

அப்போதுதான் தலைமையாசிரியை போன் செய்தார். "ஏனுங்க, நீங்க தமிழ் நல்லா எழுதறீங்க. பத்தாவது பெத்தவங்க வாட்ஸ்அப் குரூப்ல பள்ளிச் செய்தியெல்லாம் நீங்களே போட்டுடறீங்களா?" என்றார். நான் நன்றாக எழுதுவேன் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்றால், மகளின் சாதாரணக் காய்ச்சலுக்கு ஒருமுறை ஒன்றரைப் பக்கத்துக்கு லீவ் லெட்டர் எழுதியிருந்தேன். உடனே ஒப்புக்கொண்டேன். இதில் ஒரு கணக்கும் போட்டிருந்தேன். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் பள்ளிக்கு அழைப்பவள் அம்மா; அவள் பெற்ற பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? இந்தக் கேள்வியை நல்ல நேரம் பார்த்து அவளிடம் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

என் செய்திகள் சாமானியமாக இருக்காது. 'அன்பும் பண்பும் நிறைந்த பெற்றோர்களே' என்று தொடங்கும். 'பகிர்ந்து உண்பது நம் பண்பாடு என்றாலும், நிலைமை சீராகும் வரை பண்பாட்டைச் சற்றே தள்ளி வைத்து, அவரவர் டிபன் பாக்ஸை அவரவர் உண்ணுமாறு பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கவும்' என்று ஒருநாள் எழுதினேன். 'சீருடை முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தால் கவலை வேண்டாம். வளர்வது பிள்ளைகளின் இயல்பு. கலர் உடைக்கு அனுமதி உண்டு' என்று மற்றொரு நாள். என் கணவர் படித்துவிட்டு, "இதுல விஷயம் எந்த வரியில இருக்குது?" என்று கேட்டார். அவருக்கு ரசனை போதாது.

செய்தி போட்ட அடுத்த நிமிஷம் பதில் வர ஆரம்பிக்கும். 'சரிங்க.' 'சரிங்க.' 'நல்லதுங்க.' 'சரிங்க, நன்றிங்க.' எண்பது வீடு, எண்பது சரிங்க. பதில் சொல்லாமல் விட்டால் மரியாதைக் குறைவு அல்லவா? முதலில் சரிங்க போட்டவருக்கு இன்னொருவர் வணக்கம் வைப்பார். அவர் திரும்ப வைப்பார். அரை மணி நேரத்தில் என் செய்தி சரிங்க வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விடும். நானே விரலால் மேலே தள்ளித் தள்ளிக் கண்டுபிடித்து, இன்னொரு தரம் படித்து மகிழ்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டு, "வர்ற திங்கக்கெழமை காலைல ஒம்பது மணிக்கு, பத்தாம் வகுப்புக்கு மட்டும் மொதல்ல தொறக்கறமுங்க. சம்மதக் கடிதம் கண்டிப்பா வேணுமுன்னு போட்டுருங்க" என்றார். அடுப்பில் பால். அதனால் புதிதாக எழுதாமல், முந்தின மாதம் அதே பள்ளியில் நடந்த தடுப்பூசி முகாமுக்கு நான் எழுதிய செய்தியை எடுத்து அங்கங்கே திருத்தினேன். ஆதார் அட்டை இருந்த இடத்தில் சம்மதக் கடிதம் வைத்தேன். முகாம் என்பதைப் பள்ளித் திறப்பு ஆக்கினேன். முகாம் நடந்தது ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கிழமையை மாற்றவில்லை. கடைசி வரியையும் மாற்றவில்லை. 'மாலையில் லேசாகக் காய்ச்சல் வந்தால் பயப்பட வேண்டாம்' என்ற அறிவுரையோடு பள்ளித் திறப்புச் செய்தி எண்பது வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

எண்பது சரிங்க வந்தது. தலைமையாசிரியையும் ஒரு கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் பெஞ்சுகளுக்கு மருந்தடிக்கப் போய்விட்டார். நான் வழக்கம்போல ஆறேழு தடவை படித்தேன். திங்கள் என்று காதில் வாங்கியது நிற்கவில்லை. ஞாயிறு என்று கையால் எழுதியதுதான் மனதில் நின்றது. அடைந்து கிடந்த அந்த ஒன்றரை வருஷத்தில் கிழமைக்கெல்லாம் என்ன அர்த்தம் இருந்தது?

சனிக்கிழமை ஒரு அப்பா போன் செய்தார். ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்கிறவர், நயமான மனிதர்.

"ஏனுங்க அம்மணி, செய்தி பாத்தனுங்க. நெம்ப அருமைங்க. ஞாயித்துக்கெழமை தொறக்கறது நெம்ப நல்லதுங்க."

"சந்தோஷமுங்க."

"நாளைக்குத்தானுங்களே ஞாயித்துக்கெழமை?"

"ஆமாங்க, நாளைக்குத்தானுங்க."

"சரிங்க. ரெண்டு வருசப் பாடம் கெடக்குதுங்களே, ஞாயித்துக்கெழமையும் வெச்சாத்தானுங்க முடியும். சரிங்க, ஞாயித்துக்கெழமைங்க."

இவருக்கு ஞாயிற்றுக்கிழமை மேல் என்ன இவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டே வைத்துவிட்டேன். பாவம், தப்பு என்ற ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

சாயங்காலம் மகளிடம் செய்தியைக் காட்டினேன். நான் சேர்த்து வைத்திருந்த கேள்வியைக் கேட்கத் தொண்டையைக் கனைப்பதற்குள், அவள் போனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். உதடு லேசாகத் துடித்தது. "சரிம்மா, நாளைக்கு வாரேன்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. குலதெய்வத்துக்கு அப்போதே ஒரு பொங்கல் நேர்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தேன். வயிறு முட்டச் சாப்பிட்டாள். பை மிகவும் லேசாக இருந்தது. முதல் நாள்தானே என்று விட்டுவிட்டேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளை தேறிவிட்டது என்று கண் கலங்கிக்கொண்டே ஓட்டினேன்.

பள்ளிக்கூட கேட்டில் பெரிய பூட்டுத் தொங்கியது. முன்னால் இருபது முப்பது வண்டிகள். உயரம் போதாத பேன்ட்டில் பையன்கள், புது முகக்கவசத்தில் பெண்கள், கையில் சம்மதக் கடிதத்தோடு பெற்றோர்கள். வாட்ச்மேன் வாயில் பிரஷ்ஷோடு, லுங்கியில், கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று திருதிருவென்று முழித்தார்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமை எல்லாரும் ஒட்டுக்கா எங்க வந்தீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலிலிருந்து தலைவரை ஜிவ்வென்று ஏறியது. ஆனால் என்னை யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே! "பரவாயில்லீங்க அம்மணி, வழி தெரிஞ்சுக்கிட்ட மாதிரி ஆச்சுங்க" என்றார் ஓர் அம்மா. அவர் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அங்கேதான் படிக்கிறான். "காய்ச்சல் வருமுன்னு போட்டிருந்தீங்க, மாத்திரைகூட வாங்கிப்போட்டனுங்க" என்றார் இன்னொருவர், கொஞ்சமும் கிண்டல் இல்லாமல். மஞ்சள்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"உங்களுக்கு நேத்தே தெரியுமுங்களா?" என்றேன்.

"சந்தேகமா இருந்துதுங்க. ஆனா நீங்க அத்தன ஆசையா எழுதியிருந்தீங்க..."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதற்குள் நிலைமை மோசமானது. பின்னால் வந்தவர்கள் முன்னால் நிற்பவர்களைக் கேட்க, அவர்கள் பட்டும் படாமலும் பதில் சொல்ல, "தொறக்கலீங்களாமா" என்பது நாலு வண்டி தாண்டுவதற்குள் "இந்த வருசம் தொறக்கறதே இல்லீங்களாமா" என்று ஆகிவிட்டது. சிலர் வண்டியைத் திருப்ப ஆரம்பித்தார்கள். ஒரு பெண்ணின் அப்பா, "அப்ப ஊருக்கு அனுப்பிச்சரலாமுங்க" என்று சொல்வது காதில் விழுந்தது. நான் கேட் ஓரத்துக் கல்லின் மேல் ஏறி, "அன்பும் பண்பும் நிறைந்த..." என்று ஆரம்பித்தேன். முகக்கவசத்துக்குள் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

"எல்லாரும் நில்லுங்க!"

என் காதுக்குப் பக்கத்தில் வெடித்த குரலில் நானே கல்லிலிருந்து இறங்கிவிட்டேன். என் மகள் முகக்கவசத்தை மோவாய்க்கு இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியின் மேல் ஏறி நின்றாள்.

"இன்னைக்கு லீவு! எங்கம்மா தப்பாப் போட்டுட்டாங்க! நாளைக்குத் திங்கக்கெழமை ஒம்பது மணிக்குத்தான் ஸ்கூல்! எல்லாரும் வந்துருங்க! சம்மதக் கடிதத்தத் தொலைச்சுப்போடாதீங்க!"

எட்டுத் தறிக்கு மேலே கத்தி, "அம்மா, தோசை" என்று கேட்டு வளர்ந்த தொண்டை அது. கடைசி வண்டிவரை போனது. திரும்பிய வண்டிகள் நின்றன. தப்பு என்று ஒரு வழியாக ஒருத்தி சொல்லிவிட்டதில் கூட்டத்துக்கே மூச்சு வந்த மாதிரி இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

"ஏய், நீயா! உனக்கு வாய் இருக்குதா?" என்று மூன்று பெண்கள் ஓடி வந்தார்கள். ஆறடி இடைவெளி பற்றி நான் எழுதியதெல்லாம் காற்றில் போயிற்று. நாலு பேரும் சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். என் மகளின் பைக்குள்ளிருந்து ஒரே ஒரு முறுக்குப் பொட்டலம் வெளியே வந்தது. வேறு ஒன்றும் அதில் இல்லை. ஒரு முறுக்கை நாலாக உடைத்துத் தின்றார்கள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தேன்.

மத்தியானம் சோறு போடும்போது கேட்டேன். "ஞாயித்துக்கெழமைன்னு தப்பாப் போட்டது நேத்தே உனக்குத் தெரியுமா?"

"பாத்த ஒடனே தெரியும். நீ போன்ல திங்கக்கெழமைங்களான்னு கேட்டது என் காதுலயும் விழுந்துது."

"பின்ன ஏம்புள்ள சொல்லலை?"

"சொன்னா திங்கக்கெழமைன்னு மாத்திப்போடுவியே. பூட்டியிருக்கற ஸ்கூலுக்கு வாரதுல எனக்கென்ன கஷ்டம்?"

கரண்டியை ஓங்கிவிட்டேன். அவள் நகரவே இல்லை.

"அப்பறம் எதுக்கு அங்க அப்படிக் கத்துனே?"

சோற்றைப் பிசைந்துகொண்டே, "எல்லாரும் பாக்க நீ அழுதுபோடுவே போல இருந்துது" என்றாள்.

ஒன்றரை வருஷமாக இவளை எப்படிப் பேச வைப்பது என்று நான் செய்யாத வித்தை இல்லை. ஒன்றும் பலிக்கவில்லை. எனக்காக வாயைத் திறந்திருக்கிறாள். அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

"நாளைக்கு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஊருக்கே ஒம்பது மணின்னு சொல்லிப்போட்டேன். நானே போகாட்டி நல்லாவா இருக்கும்?" என்றாள், எரிச்சலாக.

திங்கட்கிழமை கேட் திறந்திருந்தது. தலைமையாசிரியை என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க செய்தி நெம்பப் பிரமாதமுங்க. உங்களுக்கு எதுக்குங்க சிரமம், இனிமே நானே போட்டுக்கறனுங்க" என்றார். சரிங்க என்றேன்.

நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் வரிசையில் என் மகள் அந்த மூன்று பெண்களுக்கு நடுவில் நின்று, கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்றைய கதைதான், என்னைப் போலவே கல்லின் மேல் ஏறி நின்றும் காட்டினாள். நான் கேட்டுக்கு வெளியே நின்று கையசைத்தேன். வரிசை நகர்ந்தது. அவள் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளை திரும்பிப் பார்க்காததற்கு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.